நவீன அறிவியல் சிந்தனை உருவானதில் தொடக்ககால அறிவியல் கழகங்களின் பங்கு என்ன?

கோபர்நிக்கஸ், கலிலியோ, நியூட்டன் என்று பெயர்களை வரிசைப்படுத்தி இக்கேள்விக்கு விடை சொல்வதே வழக்கம். அவர்களின் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால், ஒருவர் தம் அறையில் தனியே கண்ட ஒன்றை, அவரை நேரில் அறியாத மற்றவர்கள் எந்த அடிப்படையில் நம்புவது என்ற சிக்கலை எந்தத் தனிமனிதரின் மேதைமையும் தீர்த்துவிட முடியாது. அதற்கென, கண்டதைப் பிறர் முன் திரும்பச் செய்துகாட்டி, சாட்சிகளுடன் பதிந்து, இதழில் வெளியிடும் ஒரு நடைமுறையை உருவாக்கியதே கழகங்களின் முதன்மையான பங்கு என்பது என் கருத்து.

கலிலியோ உறுப்பினராக இருந்த லின்சேய் கழகம் 1603 இல் ரோமில் தொடங்கியது. பாரிஸில் 1666 இல் அமைந்த கழகத்தின் அறிஞர்களுக்கு மன்னரே ஊதியம் கொடுத்தார். இலண்டனில் 1660 நவம்பர் 28 அன்று, கிரஷாம் கல்லூரியில் வானியல் பேராசிரியர் கிறிஸ்டோபர் ரென்னின் உரை முடிந்தபின் கூடிய பன்னிருவர் தொடங்கிய ராயல் சொசைட்டிக்கோ, 1662 இல் அரசரின் சாசனம் கிடைத்ததே தவிரப் பணம் கிடைக்கவில்லை. உறுப்பினர்கள் வாரம் ஒரு ஷில்லிங் சந்தா கட்டி அதை நடத்தினார்கள். கூட்டத்தில் சோதனைகளைச் செய்துகாட்டுவதற்கென்றே ராபர்ட் ஹூக் நியமிக்கப்பட்டார். அதன் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் 1665 மார்ச்சில் தொடங்கிய இதழ் இன்றும் வெளிவருகிறது. அயல்நாட்டவருடன் ஓயாமல் கடிதத் தொடர்பு வைத்திருந்த அவர்மீது அரசுக்கு ஐயம் எழ, 1667 இல் சில காலம் இலண்டன் கோபுரச் சிறையில் இருக்கவும் நேர்ந்தது.

இந்த நடைமுறை எப்படிச் செயல்பட்டது என்பதற்கு ஆன்டனி வான் லீவன்ஹூக்கைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகரான அவருக்கு, அன்றைய அறிஞர்களின் மொழியான இலத்தீன் தெரியாது. பல்கலைக்கழகப் படிப்பும் இல்லை. மிளகின் காரத்துக்குக் காரணம் என்ன என்று அறிய விரும்பி, அதை நீரில் ஊறவைத்துத் தாமே செய்த ஒற்றை வில்லை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அந்நீரில் மிக நுண்ணிய உயிர்கள் நீந்துவதைக் கண்டு 1676 அக்டோபரில் இலண்டனுக்கு எழுதினார். ஓல்டன்பர்க் அதை ஆங்கிலத்தில் சுருக்கி இதழில் வெளியிட்டார். உறுப்பினர்கள் அச்செய்தியை உடனே ஏற்கவுமில்லை, கட்டுக்கதை என்று தள்ளிவிடவுமில்லை. தாங்களும் மிளகை ஊறவைத்தார்கள். முதல் முயற்சிகளில் ஒன்றும் புலப்படவில்லை. ஹூக் தம் கருவியைச் செம்மைப்படுத்தி, மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் அந்நீரை நிரப்பிப் பார்த்தபின், 1677 நவம்பர் 15 அன்று கூட்டத்திலிருந்தோர் அவ்வுயிர்களைக் கண்டார்கள். ரென் உட்படச் சாட்சிகளின் பெயர்கள் குறிப்பேட்டில் பதியப்பட்டன. 1680 இல் அந்தத் துணி வணிகர் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இதைச் சமத்துவத்தின் வெற்றி என்று கொண்டாடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. தம் சொல் போதாது என்பதை உணர்ந்த லீவன்ஹூக், போதகர்கள், நோட்டரி உள்ளிட்ட எட்டுப் பேரிடம் தம் நுண்ணோக்கி வழியே காட்டி, சான்றுக் கடிதங்கள் பெற்று அனுப்பியிருந்தார். அவர்கள் உயிரியல் வல்லுநர்கள் அல்லர். ஊரில் மதிப்புள்ளவர்கள், அவ்வளவே. சாட்சியின் நம்பகத்தன்மை அப்போதும் அவருடைய சமூக நிலையைச் சார்ந்திருந்தது என்பதை இது காட்டுகிறது. பெண்களோ 1945 வரை அக்கழகத்தில் உறுப்பினராக முடியவில்லை.

இன்னொன்றையும் இங்கே கருத வேண்டும். ஒரு சோதனையைப் பிறர் திரும்பச் செய்ய வேண்டுமானால், அதன் செய்முறை வெளிப்படையாக இருக்க வேண்டும். ராயல் சொசைட்டியின் தொடக்ககால உறுப்பினர் ராபர்ட் பாயில், கலனிலிருந்து காற்றை வெளியேற்றும் தம் காற்றுப் பம்பு சோதனைகளை, தோல்வியுற்றவற்றையும் விடாமல், வாசகர் அலுத்துப்போகும் அளவுக்கு விரிவாக எழுதியதன் காரணம் அதுவே. அக்கருவியை வாங்க முடியாதவரும் படித்தே சாட்சியாகலாம் என்று அவர் கருதினார். லீவன்ஹூக் இதற்கு நேர்மாறானவர். கண்டவற்றை ஐம்பது ஆண்டுகள் கடிதங்களில் எழுதினாரே தவிர, தம் மிகச் சிறந்த வில்லைகளைச் செய்யும் முறையையும், அவற்றின்வழிப் பார்க்கும் முறையையும் எவருக்கும் வெளியிடவில்லை. 1723 இல் அவர் இறந்தபின் 26 நுண்ணோக்கிகள் அவர் விருப்பப்படி ராயல் சொசைட்டிக்கு வந்து சேர்ந்தன. எனினும், அவர் கண்ட மிக நுண்ணிய உயிர்களைப் பற்றிய ஆய்வு அதன்பின் நெடுங்காலம் பெரிதாக முன்னேறவில்லை.