கேள்வி பதில்: ஒரே மைக், ஐந்து பேர்

கேள்வி: மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது வட கரோலினாவில் ஒரு சந்தைத் திடலில் ஐந்து பேர் ஒரே மைக்கைச் சுற்றி நின்று வாசித்தார்கள். ப்ளூகிராஸ் என்றாள் மகள். தாள வாத்தியமே இல்லை, ஆனால் என் கால் சும்மா இருக்கவில்லை. அந்த ஐவரில் யார் என்ன செய்கிறார்கள்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தாளம் இருந்ததம்மா, மேண்டலின்காரர் கையில் இருந்தது. ஆளுயர டபுள் பேஸை வைத்திருப்பவர் விரலால் சுண்டி 'தும்' என்பார். அதற்கு எதிரடியாக மேண்டலின்காரர் தந்திகளை மொத்தமாக அடித்து, நாதம் எழும்புமுன் இடது கையைத் தளர்த்திவிடுவார், 'சக்' என்று வெட்டுப்பட்டு நிற்கும். தும் சக், தும் சக் – ஆடியது உங்கள் கால் அல்ல, இவர்கள்தான் ஆட்டி வைத்தார்கள். மற்ற மூவர் கிட்டார், பிடில், பேன்ஜோ (தோல் போர்த்திய வட்ட முகமுள்ள தந்தி வாத்தியம்).

இந்த ஐவர் கணக்குக்கு மூலவர் பில் மன்ரோ. 1911இல் கென்டக்கியில் பிறந்தவர், வீட்டில் கடைக்குட்டி. பிடிலையும் கிட்டாரையும் அண்ணன்கள் எடுத்துக்கொள்ள, மிஞ்சிய மேண்டலின் இவர் தலையில் விழுந்தது. கென்டக்கியில் 'ப்ளூ கிராஸ்' என்ற ஒரு வகைப் புல் பேர்போனது, ஊர்ப் பாசத்தில் தன் குழுவுக்கு 'ப்ளூ கிராஸ் பாய்ஸ்' என்று பெயர் வைத்தார். குழுவின் பெயரே பின்னால் இசைக்கும் ஆகிவிட்டது. 1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்கிரக்ஸ் என்ற 21 வயதுப் பையன் வந்து சேர்ந்தான். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றிலும் நகம் மாட்டிக்கொண்டு பேன்ஜோவில் பொரி பொரிந்த மாதிரி சுரங்களைக் கொட்டுவான். கிட்டார் லெஸ்டர் ப்ளாட், பிடில் சப்பி வைஸ், பேஸ் ஹோவர்ட் வாட்ஸ். 1948இல் ப்ளாட்டும் ஸ்கிரக்ஸும் விலகித் தனிக்குழு கண்டார்கள். அந்த இரண்டு சொச்சம் வருஷத்து அமைப்பைத்தான் நீங்கள் பார்த்த உள்ளூர்க் குழுவரை இன்னமும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த முறை போனால் கையை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள். தனி வாசிக்கிறவர் மைக்கை நோக்கி நுழைவார், முடித்தவர் பக்கவாட்டில் நழுவுவார், பிடில் வில் யார் கண்ணிலும் குத்தாது. அதற்கே தனியாக ஒத்திகை வேண்டும்.

கேள்வி: ஓல்ட் டைம் என்றும் ஒன்று சொல்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இல்லை, அது மூத்தது. அப்பலாச்சியன் மலைப் பக்கம் ராத்திரி ஆட்டத்துக்கு வாசித்தது. ப்ளூகிராஸில் ஆளுக்கொரு தனி ஆவர்த்தனம் உண்டு, கச்சேரி மாதிரி. ஓல்ட் டைமில் எல்லோருமாக ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள், ஆடுகிறவர்கள் களைக்கும் வரை. யாரும் யாரையும் முந்துவதில்லை. பேன்ஜோவும் வேறு, நகத்தின் முதுகால் கீழ்நோக்கி அடிப்பது, அதற்கு 'க்ளாஹேமர்' என்று பெயர். என்னைக் கேட்டால் நான் ஓல்ட் டைம் கட்சி.

கேள்வி: பேன்ஜோ வெள்ளைக்காரர் கண்டுபிடித்ததுதானே?
– வாசகர், சேலம்

பதில்: அப்படித்தான் ரொம்பப் பேர் நினைக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்கள் கொண்டுவந்த நினைவிலிருந்து பிறந்த வாத்தியம் அது. முதலில் சுரைக்குடுவையில் தோல் கட்டிச் செய்தார்கள். இப்போதைய ஐந்து தந்திகளில் ஒன்று மட்டும் குட்டை, கழுத்தின் பாதியிலேயே தொடங்கும். நம் வீணையின் பக்கத் தந்தி மாதிரி ஒரே சுரத்தில் நடுநடுவே ஒலித்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: பெண்களே கிடையாதா?
– வாசகி, மதுரை

பதில்: 'பாய்ஸ்' என்று பெயர் வைத்த குழுவிலேயே 1940களில் சாலி ஆன் பாரஸ்டர் என்ற பெண் அக்கார்டியன் வாசித்தார்! அதற்கு முன்பே, 1927இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துப் பிரிஸ்டலில் பதிவான கார்ட்டர் குடும்பப் பாட்டுகளில் கிட்டார் மேபெல் கார்ட்டர். கட்டைவிரலால் கீழ்ஸ்தாயித் தந்திகளில் மெட்டு, மற்ற விரலால் தாளம். அந்தக் கைவாகைப் படிக்காத கிட்டார்காரர் அந்தப் பக்கம் குறைவு.

கேள்வி: குழுவில் சேர வாசிக்கத் தெரிந்தால் போதுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: மன்ரோவிடம் போதாது போலிருக்கிறது. ஊர் ஊராகக் கூடாரம் போட்டபோது கச்சேரிக்கு முன்னால் உள்ளூர் அணியோடு பேஸ்பால் ஆடுவார்களாம். ஸ்கிரக்ஸுக்கு முந்தைய பேன்ஜோக்காரர் ஸ்ட்ரிங்பீன் நல்ல பந்து வீச்சாளரும்கூட.