காதுக்குள் எண்ணெய் விடலாமா?

கேள்வி: கடலட்டைக்குச் சுழியோடும் என் தம்பி தடிமனோடு இறங்கினான். மூன்று நாளாக இடது காதில் இரைச்சல், தலைச்சுற்று, கேட்பதும் குறைவு. எண்ணெய் விடலாமா? (வாசகி, குருநகர்)

பதில்: எதையும் விடாதீர்கள், அம்மா. இன்றே யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். நாள் கடந்தால் கேள்திறன் மீள்வது கடினம். கடலில் 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இரட்டிப்பாகும். மூக்கின் பின்புறத்தை நடுக்காதோடு இணைக்கும் காதுக்குழாய் தடிமனில் வீங்கித் திறக்காதபோது, காதின் அழுத்தத்தைச் சமப்படுத்த மூக்கைப் பொத்தி முக்கி ஊதினால், உட்காதின் மெல்லிய சவ்வு கிழிந்து திரவம் கசியலாம். வைத்தியரிடம் காட்டும்வரை தலையை உயர்த்திப் படுக்கட்டும். பாரம் தூக்குவதும் மூக்குச் சீறுவதும் கூடாது.

ஆழத்தில் நெடுநேரம் இருந்து, மேலே வந்தபின்தான் சுற்றத் தொடங்கியதா? அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். உட்காதில் வாயுக்குமிழி உண்டாகியிருந்தால் ஒட்சிசனும் காற்றழுத்தம் கூட்டிய மூடிய அறையில் வைத்துச் செய்யும் அழுத்த அறைச் சிகிச்சையும் தேவை.

வைத்தியர் சொல்லும்வரை கடலில் இறங்கவே கூடாது.