சித்தப்பாவுக்கு மனச்சிதைவு, பிள்ளைக்கும் வருமா?

கேள்வி: என் கணவரின் தம்பிக்கு 22 வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. இன்றும் மாத்திரை சாப்பிடுகிறார். என் மகனுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். சில மாதங்களாக நண்பர்களோடு சேருவதில்லை, ராத்திரி தூங்குவதில்லை, மார்க்கும் இறங்கிவிட்டது. யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது என்று இரண்டு தடவை சொன்னான். "உனக்கு அப்படித் தோன்றியிருக்கும்" என்றால், "அப்படித்தான் இருக்கும்" என்கிறான். இவனுக்கும் அந்த நோய் வருமா? இப்போதே மாத்திரை கொடுத்துத் தடுக்க முடியுமா?

பதில்: உங்கள் பயத்தில் பெரும்பங்கு பரம்பரை பற்றியது. முதலில் அதைப் பார்ப்போம். மனச்சிதைவு என்பது இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நிஜமென்று நம்புவது போன்ற அறிகுறிகள் கொண்ட ஸ்கிசோஃப்ரினியா நோய். பொதுவாக நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வருகிறது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து அளவில் இருக்கும். சித்தப்பா, மாமா என்று ஒரு படி தள்ளினால் அது நூற்றுக்கு இரண்டு, மூன்றாகக் குறைந்துவிடும். அச்சு அசல் ஒரே மரபணு கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட, மற்றவருக்கு வருவது பாதிக்கும் குறைவுதான்.

மரபணுவைத் தாண்டியும் காரணங்கள் இருக்கின்றன. சில கருவிலேயே தொடங்குகின்றன. 1944-45 பஞ்சத்தின்போது நெதர்லாந்தில் கருவானவர்களுக்கும், 1959-61 பஞ்சத்தின்போது சீனாவில் பிறந்தவர்களுக்கும் இந்த நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. இதைப் படித்துவிட்டு, கர்ப்பமாக இருந்தபோது சரியாகச் சாப்பிட்டோமா என்று பழசைக் கிளறாதீர்கள். அது நாடே பட்டினி கிடந்த காலத்தின் கதை. விடலைப் பருவத்தில் மூளை தனக்குத் தேவையில்லாத நரம்பு இணைப்புகளைக் கழித்துக்கட்டுகிறது. அந்த வேலை சிலருக்கு அளவு மீறிப் போகிறது என்பதற்கு ஆதாரங்கள் கூடிவருகின்றன. நோய் பெரும்பாலும் 16 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையில் தலைகாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அதனால்தான் நீங்கள் சொல்லும் மாற்றங்களை 'இந்த வயசில் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான்' என்று நான் தள்ளிவிட மாட்டேன். தூக்கக் கலக்கத்தில் தன் பெயர் காதில் விழுவது நல்ல ஆரோக்கியமானவர்களுக்கும் நடக்கும். அது மட்டும் என்றால் கவலையில்லை. ஆனால் படிப்பு, நட்பு, தூக்கம் மூன்றும் சேர்ந்து சரிந்திருக்கின்றன. அதேசமயம், 'அப்படித்தான் இருக்கும்' என்று அவன் ஒத்துக்கொள்வது மிக நல்ல விஷயம். நோய் முற்றியவர் அந்தக் குரலை நிஜம் என்றே நம்பிவிடுவார்.

நோய் வராமல் முன்னறிகுறிகள் மட்டும் தெரியும் இந்தக் கட்டத்துக்கென்றே 1994-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் மனநல மருத்துவர் பேட்ரிக் மெக்கோரி குழுவினர் தனி கிளினிக் தொடங்கினார்கள். அதன்பின் பல நாடுகளில் வந்துவிட்டன. முன்னறிகுறிகளோடு அங்கே வருபவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மூன்று ஆண்டுகளுக்குள் முழு நோய் வருகிறது. மற்றவர்களுக்கு வருவதில்லை. அவர்களில் பலருக்கு இருப்பது மனச்சோர்வும் பதற்றமும்தான். ஆகவே மனச்சிதைவுக்கான மாத்திரையை முன்கூட்டியே கொடுப்பது முதல் வழி அல்ல. மீன் எண்ணெய் மாத்திரை தடுக்கும் என்று 2010-இல் வியன்னாவில் 81 பேரிடம் நடந்த ஆய்வு பெரிய நம்பிக்கையைக் கிளப்பியது. 2017-இல் வெளியான பெரிய ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. அதற்காகப் பணம் செலவழிக்காதீர்கள். தூக்கத்தைச் சீராக்குவது, மனச்சோர்வுக்கு மருத்துவம், எண்ணங்களைக் கையாளப் பழக்கும் பேச்சு சிகிச்சை, தொடர்ந்த கண்காணிப்பு இவைதான் இன்றைக்குக் கையில் இருக்கும் தடுப்பு.

கஞ்சாவைப் பற்றி அவனிடம் கேட்டீர்களா? திட்டாமல் கேளுங்கள். 1969-70-இல் ராணுவத்துக்கு எடுக்கப்பட்ட ஸ்வீடன் இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா எடுத்திருந்தவர்களுக்கு, எடுக்காதவர்களைவிட மனச்சிதைவு ஆறு மடங்கு வந்தது. குடும்பத்தில் நோய் இருக்கும் பையன் அந்தப் பக்கமே போகக் கூடாது.

வீட்டுச் சூழலும் முக்கியம். நோயுள்ள தாய்மாருக்குப் பிறந்து தத்துப் போன பிள்ளைகளை ஃபின்லாந்தில் ஆராய்ந்தார்கள். சண்டை சச்சரவு இல்லாத வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நோய் குறைவாக இருந்தது. மார்க்கைப் பற்றிய பேச்சைக் கொஞ்ச நாள் ஒத்திவையுங்கள்.

கோயிலுக்குப் போங்கள், மந்திரித்துக் கயிறு கட்டுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அதை முடித்துவிட்டு டாக்டரிடம் போகலாம் என்று மாதக்கணக்கில் தள்ளாதீர்கள். நார்வேயில் மக்களிடம் பிரசாரம் செய்து, நோய் தொடங்கி சிகிச்சைக்கு வரும் இடைவெளியை 26 வாரத்திலிருந்து 5 வாரமாகக் குறைத்தார்கள். அப்படிச் சீக்கிரம் வந்த பகுதியினரில், பத்து ஆண்டு கழித்தும் தேறியிருந்தவர்கள் அதிகம். நோய் வந்தாலும்கூட முந்திக்கொண்டால் பலன் உண்டு என்பதால்தான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும், 1984 முதல் இந்த நோய்க்காகவே இயங்கும் ஸ்கார்ஃப் அமைப்பும் உண்டு. முதலில் போனில் பேச வேண்டுமென்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். இலவசம், தமிழிலேயே பேசலாம். குரல் அடிக்கடி கேட்டாலோ, யாரோ தனக்குக் கெடுதல் செய்வதாகச் சொன்னாலோ, சாகிற பேச்சு வந்தாலோ அன்றைக்கே அழைத்துப் போய்விடுங்கள்.

"சித்தப்பா மாதிரி ஆயிடுவே" என்று யாரும் அவனிடம் சொல்லக் கூடாது. "தூக்கமே வரமாட்டேங்குதே, டாக்டரைப் பார்ப்போம்" என்று கூப்பிட்டால் பெரும்பாலும் வருவான். அங்கே போனதும் அவனைத் தனியாகப் பேச விடுங்கள். சித்தப்பாவுக்கு எந்த வயதில் எப்படித் தொடங்கியது, எந்த மாத்திரைக்குக் கேட்டது என்ற விவரத்தை நீங்கள் தனியாக மருத்துவரிடம் சொல்லுங்கள்.