டேட்டா வேலைக்குப் போகலாமா? கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

பன்னிரண்டு வருடமாக டேட்டா இன்ஜினியர். இன்று இரவு முழுக்க இங்கேதான் இருப்பேன். சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள்.

சுதா: மெக்கானிக்கல் படித்துவிட்டுத் தொழிற்சாலையில் மூன்று வருடமாகத் தரப் பரிசோதனை பார்க்கிறேன். டேட்டா சயின்ஸுக்கு வர முடியுமா?

பாதி வந்துவிட்டீர்கள். தினமும் பார்க்கும் கன்ட்ரோல் சார்ட் (உற்பத்தி வரம்புக்குள் இருக்கிறதா என்று காட்டும் வரைபடம்), 1924-இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஷூஹார்ட் வரைந்தது. சராசரி, திட்டவிலக்கம் எல்லாம் அதிலேயே இருக்கிறது. எந்த ஷிஃப்டில், எந்த மெஷினில் ரிஜெக்ட் அதிகம் என்பதை, டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் எடுத்துப் பாருங்கள். அப்புறம் பைத்தான் என்ற நிரல்மொழி. நிர்வாகத்தின் அனுமதி வாங்கிக்கொண்டு அதையே புராஜெக்ட்டாக்குங்கள். டேட்டா போட்டிகள் நடக்கும் கேகிள் தளத்தில் இருக்கும் டைட்டானிக் பயணிகள் 891 பேரை வைத்துச் செய்த புராஜெக்ட் எல்லார் ரெஸ்யூமேயிலும் இருக்கிறது. நேர்காணலில் அதைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வரும். முக்கியமாக, 'வேலை உத்தரவாதம்' என்று சொல்லும் கோர்ஸுக்குப் பணம் கட்டாதீர்கள்.

தினேஷ்: அனலிஸ்ட், சயின்டிஸ்ட், இன்ஜினியர், என்ன வித்தியாசம்?

ஒரு சூப்பர் மார்க்கெட். போன மாதம் எந்தக் கிளையில் பால் வீணானது என்று சொல்பவர் அனலிஸ்ட். நாளைக்கு எத்தனை பாக்கெட் இறக்கலாம் என்று கணிக்க மாடல் போடுபவர் சயின்டிஸ்ட். எல்லாக் கிளையின் பில்லும் ராத்திரி வந்து சேர்ந்ததா, ஒரே பில் இரண்டு முறை ஏறிவிட்டதா என்று தூக்கம் கெடுபவர் இன்ஜினியர்.

பிரவீன்: நான் சிவில். வரலாமா?

சுதாவுக்குச் சொன்னதுதான்.

கார்த்தி: ஹடூப் கோர்ஸ், அறுபதாயிரம் கேட்கிறார்கள். வேலை உத்தரவாதமாம்.

மறுபடியும் உத்தரவாதமா! கட்டாதீர்கள். கூகுள் 2003, 2004-இல் வெளியிட்ட இரண்டு கட்டுரைகளை வைத்து 2006-இல் பிறந்தது ஹடூப்; பல கணினிகளைச் சேர்த்துப் பெரிய டேட்டாவைச் சேமித்துக் கையாளும் மென்பொருள். அதில் கணக்குப் போடும் பகுதியான மேப்ரெட்யூஸ், ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் டிஸ்க்கில் எழுதிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். அதே வேலைக்கு 2009-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஸ்பார்க், முடிந்தவரை மெமரியிலேயே வைத்துக்கொண்டு வேலையை முடிக்கிறது. ஹடூப் செத்துவிட்டது.

ரஹீம்: செத்ததா? எங்கள் வங்கியில் நேற்றுகூட ஓடியதே. நீங்கள் சொல்லும் ஸ்பார்க்கே எங்களிடம் கணினிகளுக்கு வேலையைப் பங்கிடும் ஹடூப்பின் யார்ன் மேல்தான் ஓடுகிறது.

சரி, அவசரப்பட்டுவிட்டேன். மேப்ரெட்யூஸ் எழுதும் வேலை செத்தது. எச்டிஎஃப்எஸ் (ஹடூப்பின் சேமிப்புப் பகுதி), யார்ன் எல்லாம் பழைய நிறுவனங்களில் உயிரோடுதான் இருக்கின்றன. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர் வாடகைக்குக் கணினி தரும் கிளவுடில் ஆரம்பிப்பாரா, சொந்தமாகக் கணினிகளை அடுக்கி ஹடூப் கிளஸ்டர் கட்டுவாரா?

ரஹீம்: போன மாதம்தான் இரண்டு ஃபிரெஷர்களை எடுத்தோம்.

அவர்களுக்கு ஹடூப் தெரியுமா?

ரஹீம்: தெரியாது. எஸ்க்யூஎல் நன்றாகத் தெரியும். ஹடூப்பில் எஸ்க்யூஎல் போலவே எழுதும் ஹைவை நாங்களே சொல்லிக்கொடுத்தோம்.

நன்றி ரஹீம். கார்த்தி, அறுபதாயிரத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அனிதா: வேலையை விடாமல் பட்டம் வாங்க வழி உண்டா?

ஐஐடி மெட்ராஸ் 2020-இல் தொடங்கிய ஆன்லைன் பட்டப்படிப்பு இருக்கிறது. ஜேஇஇ வேண்டாம், அவர்களே வைக்கும் தகுதிச் சுற்றைத் தாண்டினால் போதும். பாடம் வீட்டில், தேர்வு மையத்தில். புள்ளியியலில் நன்றாகப் பிழிவார்கள். அதற்காகவே சேரலாம்.

லாவண்யா: பயோடெக் படித்தவள் நான், வர முடி...

சுதா! சுதா!

முகிலன்: எஸ்க்யூஎல்லை ஏஐ எழுதிவிடுமே, நாம் எதற்கு?

எழுதும், நானும் எழுத வைக்கிறேன். போன வாரம் ஆர்டர் டேபிளையும் பேமென்ட் டேபிளையும் சேர்த்து ஒரு குவெரி தந்தது. பிழையே இல்லாமல் ஓடியது. ஆனால் தவணையில் கட்டியவர்களின் ஆர்டர் தொகை ஒவ்வொரு தவணைக்கும் ஒரு முறை கூடி, விற்பனை எகிறிவிட்டது. எங்கள் கடையில் தவணை உண்டு என்பது அதற்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

பாலா: அனுபவம் இல்லாதவருக்குச் சம்பளம் தோராயமாக...

போன் அலறுகிறது. ராத்திரி தானாக ஓடும் டேட்டா ஜாப் பாதியில் விழுந்துவிட்டதாம், போகிறேன்.