எச் முத்திரை

அன்புள்ள சார்,

போன வாரம் மயிலாப்பூர் கூட்டத்தில் நீங்கள் பேசியதைக் கேட்டேன். எந்தக் கட்சி ஆள்கிறது என்பதைப் பொறுத்து நலத்திட்டங்களின் போக்கே மாறும் என்றீர்கள். எனக்கு ஒப்பவில்லை. ஐரோப்பாவில் இடதுசாரி வந்தால் கொடுப்பான், வலதுசாரி வந்தால் வெட்டுவான், அங்கே அது சரி. நம் ஊரில் கலைஞர் காப்பீடு முதலமைச்சர் காப்பீடு ஆகிறது, அவ்வளவுதானே? பெயர்ப்பலகை மாறுவதை மாற்றம் என்று சொல்ல முடியுமா?

எம்., பெரம்பூர்

அன்புள்ள எம்.,

பலகை மாறுவது உண்மைதான். ஆனால் கடையை இழுத்து மூட முடியாதவர்தான் பலகையை மாற்றுகிறார். 2013-இல் வந்த அம்மா உணவகத்தை 2021-க்குப் பிறகு திமுக பலகையைக்கூடத் தொடாமல் நடத்தியது. எதிராளி கொடுத்ததைப் பிடுங்குவது எவ்வளவு கடினம் என்று இரண்டு கட்சிக்கும் தெரியும்.

ஐரோப்பா பற்றி நீங்கள் சொல்வதும் அவ்வளவு நேர்கோடு இல்லை. 1883-இல் ஜெர்மனியில் தொழிலாளருக்கு மருத்துவக் காப்பீடு கொண்டுவந்த வலதுசாரி பிஸ்மார்க், சோஷலிஸ்டுகளின் அமைப்புகளைத் தடை செய்தவர். 120 ஆண்டு கழித்து, 2003 மார்ச்சில், அதே ஜெர்மனியில் வேலையில்லாதோர் உதவியைக் குறுக்கும் திட்டத்தை அறிவித்த ஷ்ரோடர், இடதுசாரியான சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். ‘நம்ம ஆளு, நம்மள கைவிட மாட்டான்’ என்ற நம்பிக்கையைச் செலவழித்துத்தான் அவர் அதைச் செய்தார். கோபித்துக்கொண்டு வெளியேறியவர்கள் இன்னொரு கட்சியோடு சேர்ந்து 2007-இல் இடது கட்சியை உருவாக்கினார்கள்.

கிட்டத்தட்ட அதே நேரத்தில் இங்கேயும் ஒரு வெட்டு நடந்தது. ஜெயலலிதா அரசு, மாத வருமானம் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் உள்ள குடும்பங்களின் ரேஷன் அட்டைக்கு ‘எச்’ என்ற அடையாளம் வைத்தது. எச் என்றால் ஆனரரி, கௌரவ அட்டை. பொருள் கிடையாது, கௌரவம் மட்டும் உண்டு.

எங்கள் வீட்டில் ரேஷன் அரிசியில் சோறு பொங்கியதே இல்லை. இட்லிக்குக் கொஞ்சம் ஊறும், மீதி பாத்திரம் தேய்க்க வரும் அக்காவின் பைக்குப் போகும். அப்படியிருந்தும் அட்டையில் எச் விழுந்த அன்று அம்மா அதை மேசையில் போட்ட வேகம் நினைவிருக்கிறது. “வாங்கறதும் வாங்காததும் என் இஷ்டம். வாங்கக் கூடாதுன்னு சொல்ல இவங்க யாரு?” அந்த அட்டையைத் திரும்ப எடுத்து வைக்கக்கூட மனமில்லாமல் இரண்டு நாள் அங்கேயே கிடந்தது. 2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடங்களையும் திமுக கூட்டணி அள்ளியது. முடிவு வந்த சில நாட்களிலேயே எச் அட்டை போய்விட்டது. தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் முதலில் திரும்பப் பெற வேண்டியவை எவை என்று ஆட்சிக்குத் தெரிந்திருந்தது.

அதே ஆட்சியின் இன்னொரு வெட்டை நீண்ட காலம் யாரும் அசைக்கவில்லை. 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு அரசு வேலையில் சேர்பவருக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் பங்களிப்பு ஓய்வூதியம்தான் என்றார்கள். 2006-இல் திமுக வந்தது. ஐந்து வருஷமும் அதன் மேல் கை வைக்கவில்லை. காரணம் எளிது. எச் அட்டை அன்று வரிசையில் நின்றவரை அடித்தது. ஓய்வூதிய வெட்டு அன்று பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனை அடித்தது. அவனுக்கு அப்போது ஓட்டும் இல்லை, சங்கமும் இல்லை. அவன் வேலைக்கு வந்து, சங்கத்தில் சேர்ந்து, கூட்டம் பெருகிய பிறகுதான் அது தேர்தல் வாக்குறுதி ஆனது.

அப்படியானால் கட்சிக்கு என்ன பங்கு என்பீர்கள். 1989-இல் கலைஞர் அரசு தொடங்கிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவியைப் பாருங்கள். 2011-இல் ஜெயலலிதா அதில் தாலிக்குத் தங்கம் சேர்த்தார், நாலு கிராம், பிறகு எட்டு. 2022-இல் ஸ்டாலின் அரசு அதையே அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் என்று திருப்பியது. ராமாமிர்தம் அம்மையாரின் பெயர் அப்படியே இருக்க, கல்யாணம் போய்க் கல்லூரி வந்தது. எங்கள் தெருமுனையில் பூ கட்டும் அம்மாவின் மூத்த மகளுக்குத் தங்கம், இளையவளுக்கு ஆயிரம். எது நல்லது என்று கேட்டேன். “ரெண்டையும் சேர்த்துக் குடுத்தா என்னவாம்?” என்றார். அரசியல் அறிவியல் புத்தகங்களில் இவ்வளவு சுருக்கமாகப் படித்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது திமுக அனுதாபிகளுக்குப் பிடிக்காது. 1997-இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோது, பிரிக்க மாட்டோம் என்று எல்லா அட்டைக்கும் அரிசி போட்டது அன்றைய திமுக அரசு. அதே கட்சி 2021-இல் குடும்பத் தலைவிக்கு மாதம் ஆயிரம் என்று வாக்குக் கொடுத்தது. 2023 செப்டம்பரில் பணம் வந்தபோது ‘தகுதி’ என்ற சொல்லும் கூடவே வந்தது: ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள். ஜெயலலிதா கொடுத்த பிறகு வடிகட்டினார். இவர்கள் வாசலிலேயே வடிகட்டினார்கள். கையில் வராததைப் பிடுங்கினார்கள் என்று யாரும் சொல்ல முடியாதே.

அந்த நாட்களில் எங்கள் கீழ்வீட்டு அக்கா ஈபி அட்டையையும் கால்குலேட்டரையும் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங்காக ஆறையும் கூட்டி, மறுபடி கூட்டி, பிறகு மூடிவைத்தார்.

“ஏசி மாட்டிக் குடுத்தது மாப்பிள்ளை, ஆயிரம் ரூபா போனது எனக்கு.”