மேஸ்திரி சொன்னபடி வேலை செய்யுங்கள்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் பிறந்து 22 வருடமாக டொரொன்டோவில் இருக்கிறேன். வயது 47, கணக்கர் வேலை. எங்கள் கிறிஸ்தவ சபையிலிருந்து 14 பேர் ஜூலையில் பத்து நாள் மத்திய அமெரிக்காவில் உள்ள ஹோண்டுராஸ் போய், சோலுத்தேகா பக்கத்துக் கிராமப் பள்ளிக்கு இரண்டு வகுப்பறை கட்டப் போகிறோம். கலவை போடுவது, கல் சுமப்பது எல்லாம் நாங்களே. அந்தப் பள்ளிக்கு ஐந்து வருடம் துணையாக இருப்பதாகச் சபை வாக்குக் கொடுத்திருக்கிறது. "உன் உடம்பு தாங்குமா? பணத்தை அனுப்பினால் போதாதா?" என்கிறார் கணவர். வெயில் எனக்குப் புதிதல்ல. போகலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

போகலாம். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் திட்டப்படி வேண்டாம்.

"வெயில் எனக்குப் புதிதல்ல" என்ற வரியைப் படித்ததும் எனக்குப் பயம் வந்தது. ஊர் ஞாபகம் போல வெயில் பழக்கம் உடம்பில் தங்காது. குளிர் நாட்டில் சில வாரம் இருந்தாலே போய்விடும். மறுபடி பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும், அதற்குள் நீங்கள் விமானம் ஏறியிருப்பீர்கள். ஜூலையில் அங்கே மழைக்காலம். காற்றில் ஈரம் இருப்பதால் வியர்வை வழியுமே தவிரச் சீக்கிரம் உலராது. அது உலர்ந்தால்தானே உடம்பு குளிரும்?

எனக்கு இது நேர்ந்திருக்கிறது. 44 வயதில் ஒரு சபைக் குழுவோடு இதே மாதிரி வேலைக்குப் போனேன். முதல் நாளே எட்டு மணி நேரம் ஜல்லி அள்ளினேன். மூன்றாம் நாள் மதியம் தலைவலி, குமட்டல், அப்புறம் பேச்சே குழறியது. குழுத் தலைவர் "இன்னும் கொஞ்சம்தான்" என்றார். உள்ளூர்க் கொத்தனார்தான் என் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கிப் போட்டு, மாமர நிழலில் படுக்க வைத்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். அவர் இல்லாவிட்டால் இந்தப் பதிலை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது. வெயிலில் ஒருவருக்குப் பேச்சு குழறினால் அதைக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. மாத்திரை கொடுத்துக் காத்திருக்காமல் உடனே உடம்பை நனைத்து விசிறுங்கள், ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லுங்கள்.

வெயில் வேலைக்குப் புதிதாக வருபவர் முதல் நாள் வழக்கமான நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் வேலை செய்ய வேண்டும், பிறகு தினமும் அதே அளவு கூட்டலாம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறையினர் சொல்லும் கணக்கு. உங்கள் குழுத் தலைவரிடம் இதைக் காட்டுங்கள். விடியற்காலையில் தொடங்கி பத்து, பத்தரைக்கு நிறுத்துங்கள். 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து அதுவே ஆபத்தாகும். ஓஆர்எஸ் பொட்டலம் கொண்டுபோங்கள். தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரை தேக்கரண்டி உப்பு, எல்லாம் தலைதட்டி. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறீர்கள் என்றால் மருத்துவரைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம்.

சிமென்ட் மூட்டை அங்கே 42.5 கிலோ. தனியாகத் தூக்காதீர்கள். ஈரச் சிமென்டின் காரம் தோலைப் புண்ணாக்கும். பூட்ஸுக்குள் கலவை போனால் அந்த நிமிடமே கழற்றிக் கழுவுங்கள், வலி தெரியும்போது தோல் வெந்திருக்கும்.

சரி, கணவரின் அடுத்த கேள்வி. 1998இல் மிட்ச் சூறாவளி ஹோண்டுராஸை அழித்த பிறகு, வட அமெரிக்கச் சபைக் குழுக்கள் பல அங்கே வீடு கட்டப் போயின. அந்நாட்டிலேயே வசிக்கும் சமூகவியலாளர் குர்ட் வெர் பீக் அதை ஆராய்ந்தார். ஒரு வீட்டுக்கான செலவு சுமார் 2,000 டாலர். கட்ட வந்த ஒரு குழுவுக்கான செலவு சுமார் 30,000. வெளிநாட்டார் கட்டிய வீட்டில் குடியேறியவர்களின் வாழ்க்கையும் உள்ளூர்க்காரர் கட்டிய வீட்டில் குடியேறியவர்களின் வாழ்க்கையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. ஆகவே உங்கள் கணவர் கேட்டது சரியான கேள்வி.

அப்படியும் போகச் சொல்வது உங்கள் சபை கொடுத்த அந்த ஐந்து வருட வாக்குக்காக. யாருக்குத் துணையாக இருக்கப் போகிறீர்களோ அவர்களை நேரில் அறியாமல் அந்த வாக்கைக் காப்பது கஷ்டம். ஆனால் சுவரை உள்ளூர்க் கொத்தனார்கள் கட்டட்டும், கூலியைச் சபை கொடுக்கட்டும். நீங்கள் 14 பேரும் சித்தாள்கள். யாழ்ப்பாணத்தில் மேசன் என்பவரை எங்கள் ஊரில் மேஸ்திரி என்போம். போர்த்துகீசியர் விட்டுப்போன சொல் அது. ஹோண்டுராஸில் பேசும் ஸ்பானிய மொழியிலும் அவர் 'மாயெஸ்த்ரோ'தான். பள்ளி ஆசிரியரையும் அப்படித்தான் அழைப்பார்கள். அவர் சட்டியைக் கொடு என்றால் கொடுங்கள், உட்கார் என்றால் உட்காருங்கள். என்னைக் காப்பாற்றியவரின் பேச்சை முதல் நாளே நான் கேட்டிருந்தால் எனக்கு எதுவும் ஆகியிருக்காது.

முன்பணம் கட்டும் முன் தலைவரிடம் கேளுங்கள்: கொத்தனார் யார், அவருக்குக் கூலி எவ்வளவு, வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டா? பதில் திருப்தியாக இருந்தால், அவருடைய கால் அளவையும் கேட்டு வையுங்கள். நல்ல ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிப் போய், முதல் நாளே அவர் கையில் கொடுங்கள்.