பிளவு எண்ணெயைப் பிடிக்குமா, விடுமா?

எங்கள் பக்கம் பாறைப் பிளவுகள் ஏராளம். எண்ணெய் ஏன் இல்லை? (வாசகர், பென்னாகரம்)

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் நைஸ், சார்னோக்கைட், கிரானைட் எனும் கெட்டிக் கருங்கல் வகைகளின் பூமி. உயிரினங்கள் மக்கிய களிப்பாறை வெந்தால்தான் எண்ணெய். அது இங்கே இல்லை. பிளவு எண்ணெயை உண்டாக்காது. எங்கிருந்தோ ஊர்ந்து வருவதை நிறுத்தும், அல்லது வழிவிடும். ஒகேனக்கல்லைத் தாண்டிய காவிரி கடலைத் தொடும் டெல்டாவில், நரிமணத்தில் எண்ணெய் எடுக்கிறார்கள். அங்கே பிளவுகளுக்கிடையே இறங்கிய பள்ளங்களில் வண்டல் கிலோமீட்டர் கணக்கில் படிந்திருக்கிறது.

போர்வெல்லுக்குப் பிளவைத் தேடுகிறோம். அதே பிளவு எண்ணெயை எப்படி அடைக்கும்? (ஊத்தங்கரை)

கருங்கல் நொறுங்கினால் சந்து, தண்ணீர் ஓடும். மணற்கல்லும் களிப்பாறையும் அடுக்கடுக்காக இருக்கும் இடத்தில் களி இழுபட்டுப் பிளவின் முகத்தில் பூசிக்கொள்ளும்; அந்தப் பூச்சுதான் எண்ணெயை அடைக்கும்.

பிளவு எண்ணெயை அடைக்குமா என்று பார்க்கும் நிலத்தடி மாடலில் முதலில் எதைப் பார்ப்பது? (கல்லூரி மாணவி, கிருஷ்ணகிரி)

எதற்கு எதிரே எது நிற்கிறது என்பதை. எண்ணெய் தங்கும் 25 மீட்டர் மணற்கல், அதன்மேல் 50 மீட்டர் களிப்பாறை, அதற்கும் மேல் தடித்த இன்னொரு மணற்கல் என்று வையுங்கள். பிளவின் ஒரு பக்கம் 30 மீட்டர் நழுவி இறங்கினால், உயர்ந்த பக்கத்து மணற்கல் முழுவதும் களிப்பாறையைப் பார்க்கும்: அடைப்பு. 90 மீட்டர் இறங்கினால் மேல் மணற்கல் எதிரே வந்துவிடும். பிளவு முடியும் நுனிப்பக்கம் இறக்கம் 10 மீட்டராகக் குறைந்தால், அடி 15 மீட்டரில் மணலும் மணலும் தொடும்.

இந்த இரண்டு தொடுமுகங்களில் எது ஒழுகும்? நழுவிப்போன பகுதியில் உள்ள மொத்தக் களியை இறக்கத்தால் வகுங்கள். இதுதான் ஷேல் கௌஜ் ரேஷியோ (Shale Gouge Ratio), பிளவுப் பூச்சில் களியின் பங்கு. களிப்பாறையில் 80%, மணற்கல்லில் 10% களி என்றால், 90 மீட்டர் இறங்கிய இடத்தில் (50 மீட்டர் களிப்பாறை, 40 மீட்டர் மணற்கல் நழுவியதால்) (40+4)/90, ஏறக்குறைய 49%. நுனியில் மணற்கல் மட்டுமே நழுவியதால் வெறும் 10%. பொதுவாக 15–20 சதவீதத்துக்குக் கீழே போனால் ஒழுகும் என்று கொள்வார்கள். ஆக, பெரிய இறக்கத்தை விடச் சின்ன நுனிதான் இங்கே ஆபத்து. அந்த நுனித் தொடுமுகத்தின் மேல்விளிம்பு ஆழத்துக்குக் கீழே எண்ணெய் நிற்காது. இந்த ஆழத்தைக் கணக்கிடாமல் இருப்பு மதிப்பிட்டால் கிணறு ஏமாற்றும்.

அதிர்வலை அனுப்பி எடுக்கும் சீஸ்மிக் படத்தில் பிளவு மறையும் இடத்தில் மாடலிலும் நிறுத்தலாமா? (ஓசூர்)

கூடாது. ஆழத்தில் 10–20 மீட்டருக்குக் குறைந்த இறக்கம் பெரும்பாலும் படத்தில் தெரியாது. நடுவிலிருந்து நுனிவரை இறக்கம் குறையும் போக்கை வரைந்து, பூஜ்ஜியம் தொடும் வரை பிளவை நீட்டுங்கள். இறக்கத்தைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஒழுகும் புள்ளியின் ஆழம் எவ்வளவு மாறுகிறதோ, அதே அளவுக்கு எண்ணெய் மட்டமும் மாறும்.